ஊசி பிள்ளைக்கு, கண்ணீர் அப்பாவுக்கு

எனக்குக் கேள்வி அனுப்பியவர் நான்கு மாதப் பெண் குழந்தைக்குத் தகப்பன். சிங்கப்பூரின் பொங்கோலில் புது வீடு. லிஃப்டில் பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி ஆசையாகப் பாப்பாவின் கையைப் பிடிக்க, இவர் அந்த ஆன்ட்டியின் கண்ணெதிரேயே சானிடைசர் போட்டு அந்தக் கையைத் துடைத்துவிட்டாராம். அதே வாரம் அலுவலக வாட்ஸ்அப் குழுவில், 'எங்கள் பாப்பா எடையில் 97-ஆம் பெர்சன்டைல்' என்று பிள்ளையின் உடல்நலக் குறிப்பேடான ஹெல்த் புக்லெட்டின் பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறார். மேலதிகாரி ஒரு கட்டைவிரல் மட்டும் அனுப்பினார். வேறு யாரும் வாய் திறக்கவில்லை. மைத்துனி இன்றுவரை இரண்டையும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாளாம். 'முதல் பிள்ளைக்காரர்கள் எல்லாருமே இப்படித்தானா, எனக்கு மட்டும் முற்றிவிட்டதா?' என்பது கேள்வி.

தம்பி, எல்லாரும் இப்படித்தான். சொல்லப்போனால் நீங்கள் இதில் நடுத்தரம். பலதுறை மருந்தகத்தில் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடும் அறையில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பழைய ஆட்கள் எங்களை 'மிஸ்ஸி' என்று கூப்பிடுவார்கள். அந்த அறைக்குள் வந்துபோன முதல் பிள்ளைக்காரர்களின் கூத்தை எழுதினால் ஒரு தீபாவளி மலர் காணாது.

ஓர் அப்பா இன்னும் கண்ணுக்குள் நிற்கிறார். நல்ல உயரம், முழங்கை வரை குத்திய புலிப் பச்சை, பார்த்தாலே வழிவிடத் தோன்றும் ஆள். இரண்டாம் மாத ஊசிக்கு வந்திருந்தார்கள். ஆறு நோய்களுக்கும் சேர்த்து ஒரே ஊசியாக அப்போதுதான் போடுவோம். பாப்பா வீலென்று கத்தியது, அம்மா பால் கொடுத்தார், அடங்கிவிட்டது. அதோடு முடிந்தது என்று பஞ்சைக் குப்பையில் போட்டுவிட்டுத் திரும்பினால், அப்பா சுவரைப் பார்த்து நின்றுகொண்டு தோள் குலுங்க அழுகிறார். அவர் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. பாப்பாவின் பையிலிருந்து ஈரத் துடைப்பான் ஒன்றை உருவி அவர் கையில் திணித்தார். அது பாப்பாவுக்குக் கால் துடைக்கிற துடைப்பான். அதாலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஏர்கான் ஜாஸ்தி மிஸ்ஸி, கண் எரியுது" என்றார். நானும் ஆமாம் என்றேன்.

இன்னொருவர் பிள்ளை மலம் கழித்த ஒவ்வொரு தடவையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தார். நிறம் மாறுகிறதா என்று பார்க்கவாம். விரலால் தள்ளித் தள்ளி எனக்குக் காட்டிக்கொண்டே வந்தவர், வேகத்தில் ஒன்று கூடுதலாகத் தள்ளிவிட்டார். தேக்காவில் அவர் மதியம் சாப்பிட்ட பிரியாணி. நான் அதையும் உற்றுப் பார்த்து, "இது நல்லா இருக்கு" என்றேன்.

இதை மூளைக்கோளாறு என்று நினைக்காதீர்கள். டொனால்ட் வின்னிகாட் என்ற பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர் 1956-லேயே எழுதியிருக்கிறார்: பேறுகாலத்தை ஒட்டிய வாரங்களில் தாய்க்கு வரும் இந்த அதீதக் கவனம், கர்ப்பம் என்ற காரணம் மட்டும் இல்லாவிட்டால் ஒரு நோய் என்றே சொல்ல வேண்டியிருக்கும் என்று. அந்தக் கவனம் வருவதுதான் நலம், கொஞ்ச நாளில் தானே தணியும் என்பது அவர் கட்சி. அவர் தாய்மாரைச் சொன்னார். நான் பார்த்தவரை அப்பாமாரும் சளைத்தவர்கள் இல்லை. என்ன, பெண்கள் அழுதுவிட்டுப் போய்விடுவார்கள், ஆண்கள் சாமான் வாங்குவார்கள்.

சரி, உங்கள் லிஃப்ட் விவகாரம். பயத்தில் தப்பில்லை, கருவிதான் தப்பு. கை, கால், வாய்ப்புண் நோய் சிங்கப்பூரில் ஆண்டு முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதற்குக் காரணமான கிருமிகளின் மேல் ஆல்கஹால் சானிடைசர் சரியாக வேலை செய்யாது. சோப்புத் தண்ணீர்தான் அவற்றுக்கு எதிரி. ஆக, ஆன்ட்டியின் மனதைப் புண்படுத்தியதற்குக் கிருமி நாசம் என்ற பலன்கூட உங்களுக்குக் கிடைத்திருக்காது. 'வீட்டுக்குள் வந்ததும் கை கழுவிவிட்டுத் தூக்குங்கள் ஆன்ட்டி' என்றால் இந்த ஊரில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோவிட் எல்லாருக்கும் அந்தப் பழக்கத்தை ஏற்றிவிட்டுத்தான் போனது. பிறந்து முதல் இரண்டு மூன்று மாதத்தில் பார்க்க வருகிறவர்களைக் கை கழுவச் சொல்வதும், இருமல் சளி உள்ளவர்களை அப்புறம் வாருங்கள் என்பதும், வாயில் கன்னத்தில் முத்தம் வேண்டாம் என்பதும் அதிகப்படி அல்ல. உதட்டுக் கொப்புளம் தரும் அந்தச் சாதாரண வைரஸ் பச்சைக் குழந்தைக்கு உயிராபத்தாகவே முடியலாம். கதவில் அறிக்கை ஒட்டுவதுதான் எனக்குப் பிடிக்காது. அதைப் படித்துவிட்டு மணியடிக்காமலே திரும்பிப் போன தாத்தா ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன்.

பெரியவர்கள் சிரிப்பதாலேயே ஒரு பயம் பொய்யாகிவிடாது. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் சண்டை மூளுவது இங்கேதான்.

பாட்டி ஊரிலிருந்து வந்து இறங்குவார். சேனை வைக்க வேண்டும் என்று பிள்ளையின் நாக்கில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தடவப் பார்ப்பார். அப்பா குறுக்கே விழுவார். 'உனக்கும் இதைத்தானேடா தடவினேன், நீ செத்தா போய்ட்ட?' என்ற வசனம் வரும். வாதம் பலமானதுதான். ஆனாலும் இதில் அப்பா பக்கம்தான் நியாயம். ஒரு வயதுக்குள் தேன் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு வகை பாக்டீரியா சிசுவின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கி, தசைகளைச் செயலிழக்கச் செய்துவிடும். அபூர்வம்தான், ஆனால் வந்தால் தீவிர சிகிச்சைப் பிரிவு. வெறும் தண்ணீரும் ஆறு மாதம் வரை தேவையில்லை.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: அந்துருண்டை. பேரப்பிள்ளையை ஏந்திக்கொள்ள என்று பாட்டி பெட்டியிலிருந்து எடுக்கும் பழைய பருத்திச் சேலை நாஃப்தலீன் உருண்டைகளோடு மாதக்கணக்கில் மடிந்து கிடந்திருக்கும். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கும். ஆண் பிள்ளைகளில் கூடுதல். அந்தக் குழந்தைக்கு இந்த வாடையே சிவப்பணுக்களை உடைத்து, மஞ்சள் காமாலையை மூளை வரைகூடக் கொண்டுபோய்விடலாம். சிங்கப்பூரில் 1965 முதல் பிறக்கும் பிள்ளைகளுக்குத் தொப்புள்கொடி ரத்தத்தில் இந்தச் சோதனை நடக்கிறது. அதன் முடிவு ஹெல்த் புக்லெட்டிலேயே இருக்கும். சேலையை முகர்ந்து பார்த்துவிட்டு, "இதைத் துவைத்து வெயிலில் காயப்போடுங்க, அப்புறம் பார்ப்போம்" என்று மாமியாரிடம் சொன்ன ஒரு மருமகனை அந்தக் குடும்பமே 'மோப்ப நாய்' என்று கேலி செய்தது. புக்லெட்டைத் திறந்து பார்த்தேன், பிள்ளைக்கு அந்தக் குறைபாடு இருந்தது. அதன்பிறகு அந்த மாமியார் என் முன்னால் வாயைத் திறக்கவில்லை.

இதற்கு நேர்மாறான பயமும் உண்டு. வெளியே 33 டிகிரி கொளுத்தும். தலையில் கம்பளித் தொப்பி, கையில் உறை, காலில் உறை, அதன்மேல் போர்வை, அதன்மேல் தள்ளுவண்டிக்கு மழை உறை. உள்ளே கொண்டுவந்து ஒவ்வொன்றாகப் பிரித்தால் கழுத்து மடிப்பு முழுக்க வேர்க்குரு பொரிந்து கிடக்கும். 'காற்று பட்டால் சளி பிடிக்கும் மிஸ்ஸி.' காற்றால் சளி பிடிக்காது, சளி உள்ள மாமாவால் பிடிக்கும். தூங்கும்போது அளவுக்கு மீறிய சூடுதான் சிசுவுக்கு உண்மையான ஆபத்து. மல்லாக்கப் படுக்கவைப்பது, தலையணை போர்வை இல்லாத கெட்டியான மெத்தை, மிஞ்சிப்போனால் பெரியவர்களைவிட ஒரு சட்டை கூடுதல், இது போதும். நெஞ்சில் வைத்தால் பயம் போகும் என்று சீனப் பக்கத்து வீட்டார் தரும் பயற்றுத்தோல் தலையணையை மறுக்க வேண்டாம், வாங்கி அலமாரியில் வையுங்கள்.

காய்ச்சலைப் பற்றி ஒரே ஒரு கோடு கிழித்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்குள் 38 டிகிரி தொட்டால் யாரையும் கேட்காமல் உடனே மருத்துவமனை. அங்கே 'அதிகப்படியாகப் பயந்துவிட்டீர்கள்' என்று எவரும் சொல்ல மாட்டார்கள். உங்கள் பாப்பா அதைத் தாண்டிவிட்டாள். ஊசி போட்ட அன்றோ மறுநாளோ உடம்பு சுடுவது சகஜம். ஒரு வயதில் தட்டம்மை உள்ளிட்ட மூன்று நோய்களுக்குப் போடும் எம்எம்ஆர் ஊசி மட்டும் வேடிக்கை: அதன் காய்ச்சல் ஒரு வாரம், பத்து நாள் கழித்து வரும். அந்த நேரம் யாருக்கும் ஊசி ஞாபகத்தில் இருக்காது. குடும்பமே வேனில் வந்து இறங்கும்.

இப்போது பெருமைக்கு வருவோம்.

பெர்சன்டைல் என்பது மார்க் இல்லை, தம்பி. ஒரே வயதுப் பெண் குழந்தைகள் நூறு பேரை எடை குறைந்தவளில் தொடங்கி வரிசையாக நிறுத்தினால் உங்கள் மகள் எங்கே நிற்பாள் என்பது, அவ்வளவே. பத்தாவது இடத்தில் நிற்கும் பிள்ளையும் முழு ஆரோக்கியம்தான். நாங்கள் பார்ப்பது எந்தக் கோடு என்பதை அல்ல, அந்தக் கோட்டிலேயே போகிறாளா என்பதை. ஐம்பதில் இருந்த பிள்ளை அடுத்தடுத்த வருகைகளில் பத்துக்கு இறங்கினால் கேள்வி கேட்போம். 97-இல் உள்ள பிள்ளைக்குக் கைதட்ட மாட்டோம், இன்னும் மேலே ஏறாமல் பார்த்துக்கொள்வோம். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ-யில் நாட்டிலேயே முதலாவதாக வந்த பிள்ளையின் பெயரை அறிவிக்கும் வழக்கத்தைக் கல்வி அமைச்சு 2012-இல் விட்டது. பிள்ளைகளை ஒருவரோடொருவர் ஒப்பிட்டு மதிப்பெண் போடும் மொத்த டி-ஸ்கோர் முறையையே 2021-இல் எடுத்துவிட்டது. நாம் அதைக் கொண்டுபோய்ப் பால்குடிப் பிள்ளையின் எடை அட்டவணையில் வைத்துக்கொண்டிருக்கிறோம். கியாசு, அதாவது அடுத்தவரிடம் தோற்றுவிடுவோமோ என்ற பயம், பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

பெருமை பேசுவதால் பிள்ளைக்கு எந்தக் கேடும் இல்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. கேடு வருவது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு. காத்திருக்கும் இடத்தில் ஒருநாள் ஓர் அம்மா உரத்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்: "எங்களுக்கு எட்டரை மாசத்திலேயே நடந்துட்டான், நாங்க ஒண்ணுமே சொல்லிக் குடுக்கல." எதிரே இருந்த பெண் சிரித்தபடி தலையாட்டினார். அவர் முறை வந்து உள்ளே வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு, பிள்ளையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு, "என் பையனுக்குப் பத்து மாசம் மிஸ்ஸி, இன்னும் பிடிச்சிட்டுக்கூட நிக்கல. எதையாவது மறைக்கிறீங்களா?" என்று கேட்டார். புக்லெட்டைப் புரட்டினேன். 32 வாரத்திலேயே பிறந்த குழந்தை. எட்டு வாரம் முந்திக்கொண்டு வந்தவனுக்கு அந்த எட்டு வாரத்தைக் கழித்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் அவனுக்கு எட்டு மாதம்தான், எட்டு மாதத்துக்குரியதைச் செம்மையாகச் செய்துகொண்டிருந்தான். பேனாவை எடுத்து அந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டிய பிறகுதான் அவர் பிடி தளர்ந்தது.

உலகச் சுகாதார நிறுவனம் பல நாட்டுக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006-இல் ஓர் அட்டவணை வெளியிட்டது. தனியாக நடப்பதற்கான இயல்பான காலம் எட்டு மாதம் தொடங்கிப் பதினேழரை மாதம் வரை விரிந்து கிடக்கிறது. நூற்றுக்கு நாலைந்து குழந்தைகள் தவழாமலேயே எழுந்து நடந்துவிட்டார்கள். எட்டில் நடந்தவனும் பதினேழில் நடந்தவளும் பாலர் பள்ளியில் ஒரே ஓட்டம்தான் ஓடுவார்கள். 'அப்பா சொல்லிட்டா' என்று ஐந்தாம் மாதத்தில் துள்ளிக் குதிப்பவர்களுக்கும் இதே பதில்: அது உதட்டு விளையாட்டு. உங்களைப் பார்த்து, உங்களைக் குறித்துச் சொல்ல ஏறக்குறைய ஒரு வயதாகும். அதற்காகத் துள்ளாமல் இருக்க வேண்டாம், துள்ளுங்கள்.

நம் ஆட்களிடம் ஒரு விசேஷம் பார்த்திருக்கிறேன். பெருமையும் பயமும் ஒரே மூச்சில் வரும். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் இதற்கு முறையே வகுத்துவிட்டார்கள்: முதல் பருவம் காப்பு, எல்லாத் தெய்வங்களையும் கூப்பிட்டுப் பிள்ளையைக் காவல் காக்கச் சொல்வது. காவல் போட்டு முடித்த பிறகுதான் ஐந்தாம் மாதம் தலையசைத்துச் செங்கீரை ஆடினான், ஒன்பதாம் மாதம் கைதட்டிச் சப்பாணி கொட்டினான் என்று பெருமை தொடங்குகிறது. வரிசை எவ்வளவு சரி பாருங்கள். இன்றைக்கு அது தலைகீழ். முதலில் படத்தைப் போட்டு நூறு லைக் வாங்குவது, அப்புறம் ராத்திரி பிள்ளை அழுதால், 'ஊர்க்கண்ணு பட்டிருச்சு' என்று மிளகாயும் உப்பும் சுற்றிப் போடுவது.

இதில் ஒரு குடும்பம் பட்ட பாடு கேளுங்கள். அவர்களுடையதும் உங்களுடையதைப் போலப் புது வீடுதான். 2018 ஜூனுக்குப் பிறகு கட்டப்பட்ட வீடுகளில் தீ எச்சரிக்கைக் கருவி கட்டாயம். பாட்டி வரவேற்பறை நடுவில் தணலைப் போட்டு, சுற்றிய மிளகாயை அதில் கொட்டினார். மிளகாய் நெடி வந்தால் திருஷ்டி இல்லை, வராவிட்டால் திருஷ்டி உண்டு என்பது கணக்கு. நெடியைப் பற்றி யோசிக்க நேரமே கிடைக்கவில்லை. கூரையிலிருந்து கருவி அலற ஆரம்பித்தது. தாழ்வார வீடுகள் எல்லாம் திறந்தன. மலாய் மாமா ஈரத் துணியோடு ஓடிவந்தார், எதிர்வீட்டுப் பையன் நாற்காலி கொண்டுவந்து ஏறிக் கருவியை நிறுத்தினான். எல்லாரும் இருமிக்கொண்டே பிள்ளையை எட்டிப் பார்த்து, 'சோ கியூட்' என்றுவிட்டுப் போனார்களாம். பாட்டிக்கு அதுதான் தாங்கவில்லை. மறுபடி முதலிலிருந்து சுற்றிப் போட வேண்டும் என்றாராம்.

அலுவலகக் குழுவுக்கு எண்கள் வேண்டாம். எண் போட்டால் அடுத்தவர் தன் பிள்ளையின் எண்ணை எடுத்துப் பார்ப்பார், அங்கே தொடங்கும் வயிற்றெரிச்சலோ கவலையோ. சிரிக்கிற படம் ஒன்று போடுங்கள், போதும். 97-ஐக் கேட்டு உருகுவதற்கென்றே ஊரில் தாத்தா பாட்டி இருக்கிறார்கள். அவர்களுக்குத் தினமும் அனுப்புங்கள், அலுக்கவே அலுக்காது. அப்புறம் ஹெல்த் புக்லெட் பக்கத்தையோ பிறப்புச் சான்றிதழையோ படம் எடுத்துப் போடுவது வேறு வகையில் தொல்லை. சான்றிதழில் உள்ள எண்தான் நாளைக்கு அவளுடைய அடையாள அட்டை எண். அது குழுவில் கிடப்பது நல்லதில்லை, நீக்க முடிந்தால் நீக்கிவிடுங்கள்.

சிரிக்க முடியாத இடம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளை நன்றாகத் தூங்கும்போதும் உங்களாலோ மனைவியாலோ தூங்க முடியவில்லை, மூச்சு விடுகிறதா என்று இரவெல்லாம் மூக்கில் விரல் வைத்துப் பார்க்கிறீர்கள், பிள்ளைக்கு ஏதோ நடப்பது போன்ற காட்சிகள் மனதில் விடாமல் ஓடுகின்றன, வெளியே கிளம்பவே பயமாக இருக்கிறது என்றால் அது முதல் பிள்ளைக் கூத்து அல்ல. பேறுகாலத்தை ஒட்டிய மனப்பதற்றம் சிகிச்சையால் குணமாகக்கூடியது, அப்பாமாருக்கும் வரும். ஊசிக்கு வரும்போது தாதியிடம் சொன்னாலே போதும், எங்கே அனுப்ப வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். நம் பெண்கள் இதைச் சொல்லக் கூச்சப்பட்டு, பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவார்கள். பிள்ளைக்கு ஒன்றும் இருக்காது.

உங்களுக்கு அடுத்த பயம் ஆறாம் மாதத்தில் காத்திருக்கிறது: சோறு. கடலை, முட்டை எல்லாம் ஒவ்வாமை வரும் என்று ஒத்திப்போடுவதுதான் பாதுகாப்பு என்று நானே வேலைக்குச் சேர்ந்த காலத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். லண்டனில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2015-இல் அதைப் புரட்டிப் போட்டது. ஒவ்வாமை வர வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளுக்கு முதல் வயதுக்குள்ளேயே நிலக்கடலையைத் தொடர்ந்து கொடுத்ததில், கொடுக்காதவர்களைவிட ஒவ்வாமை எண்பது சதவீதம் போலக் குறைந்திருந்தது. எனவே பாப்பா கஞ்சி, இட்லி சாப்பிடப் பழகியதும் நைசாக அரைத்த கடலையை ஒரு சிட்டிகை அதில் கரைத்துக் கொடுத்துப் பாருங்கள், பகல் நேரத்தில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது. எக்ஸிமா என்னும் தோல் அழற்சி கடுமையாக இருந்தால் மட்டும் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். முழுக் கடலையை நாலைந்து வயது வரை கண்ணில் காட்டாதீர்கள்; அது ஒவ்வாமைக்காக அல்ல, தொண்டையில் சிக்கும். உப்பு, சர்க்கரை ஒரு வயது வரை வேண்டவே வேண்டாம். பாட்டி சப்பென்று இருக்கிறது என்பார். அவர் தட்டில் மட்டும் ஊறுகாயை வையுங்கள்.